கல்லணைச்சிக் காய்

நாற்றுப்பண்ணைக்காரரின் சட்டைப் பையில் பேனா இருக்காது, சீப்பு இருக்காது. கறுப்புக் கயிற்றில் கட்டிய சின்னப் பூதக்கண்ணாடி ஒன்று மட்டும் கிடக்கும். செடியைப் பற்றி யார் எதைச் சொன்னாலும் அதை எடுத்து முகத்துக்கு நேரே நீட்டி, "பார்த்துட்டுப் பேசு" என்பார். வயதில் மூத்தவராக இருந்தால் "பார்த்துட்டுப் பேசுங்க". அவர் யாருக்கும் கொடுக்கிற மரியாதை அந்த 'ங்க' ஒன்றுதான். முதுகுக்குப் பின்னால் அவரைப் 'பார்த்துட்டுப்பேசு' என்றே கூப்பிட்டார்கள். அது அவர் காதிலும் விழுந்திருக்கிறது. கோபம் வருவதற்குப் பதில் பெருமை வந்தது. மனுஷன் அப்படி.

தோட்டக்கலை படித்துவிட்டு முதலில் அரசாங்கப் பூங்காவில்தான் வேலைக்குச் சேர்ந்தார். அங்கே கப்பலேறி வந்த செடிகளுக்கு நிழல் கட்டி, வேளை தவறாமல் தண்ணீர் காட்டி, பச்சைக் குழந்தையைப் போலப் பார்த்துக்கொள்வார்கள். வேலியோரம் தானாக முளைத்த நம் மண்ணுச் செடியைக் களை என்று பிடுங்கி எறிவார்கள். ஒருநாள் மேலதிகாரி அப்படி ஒன்றைப் பிடுங்கச் சொன்னபோது இவர் கண்ணாடியை நீட்டினார். அந்த வேலை அதற்குமேல் எத்தனை நாள் ஓடியிருக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

அப்புறம் ஊர்க்கோடியில் ஒரு காய்ந்த நிலத்தைக் குத்தகைக்குப் பிடித்து, இந்த மண்ணில் பிறந்த செடிகளை மட்டும் வளர்க்கும் பண்ணை என்று பலகை மாட்டினார். ஊர் வயிறு குலுங்கச் சிரித்தது. "வேலியில சும்மா கிடக்கிறதைப் பையில போட்டு விக்கிறாராம். நாளைக்குத் தெருப் புழுதியையும் பொட்டலம் கட்டுவாரு" என்றார்கள். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மனைவி மண் சலித்தாள். மனைவியின் தம்பி விதை போட்டான். அந்தத் தம்பிக்கு ஊரில் நிதானம் என்று பேர். ஒரு டம்ளர் தண்ணீர் குடிக்கச் சொன்னால் டம்ளரை ஒருமுறை திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் குடிப்பான். விதை போடுவதற்கு அவனைப் போல ஒரு கை அமையாது என்று இவரே சொல்லியிருக்கிறார், ஒரு காலத்தில்.

கல்லணைச்சி வந்தபிறகுதான் ஊர் சிரிப்பை நிறுத்தியது. பாறையை வேரால் கட்டிப் பிடித்துக்கொண்டு வளர்கிற புதர் அது. மலைச்சரிவு மண் மழைக்குக் கரையாமல் நிற்க அதைப்போல ஒன்று கிடையாது. எல்லாரும் அழிந்தே போயிற்று என்று நினைத்திருந்த செடி. எங்கோ ஒரு செங்குத்துச் சரிவில் நாலைந்து புதர் மிஞ்சியிருப்பதை நாற்றுப்பண்ணைக்காரர் தொங்கித் தவழ்ந்து போய்க் கண்டுபிடித்தார். அவற்றில் ஒன்றில் மட்டும் காய் இருந்தது. அதைத் துண்டில் முடிந்துகொண்டு வந்தார். அடுத்த மழையில் அந்தச் சரிவே பெயர்ந்து விழுந்து, தாய்ப்புதர்களும் போய்ச் சேர்ந்தன. இவர் துண்டில் வந்த விதைதான் மிச்சம். அதிலிருந்து வந்த செடியைக் கிளை கிளையாக வெட்டிப் பதியம் போட்டுப் பெருக்கினார். இன்றைக்குச் சாலையோரம், பள்ளிக்கூடச் சுவரோரம், குளக்கரை, எங்கே பார்த்தாலும் கல்லணைச்சிதான். பூக்கிற மாதத்தில் ஊருக்குள் பேருந்து நுழையும்போதே பயணிகள் மூக்கை உயர்த்துவார்கள். கொத்துக் கொத்தாக வெள்ளைப் பூ, அப்படி ஒரு வாசம். மேடை போட்டுச் சால்வை போர்த்தினார்கள். ஒரு செடியை எமன் வாயிலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்தவர் என்று பேசினார்கள். அவரும் மறுக்கவில்லை.

காய்தான் வரவில்லை. யாராவது கேட்டால், "மலைச்செடிங்க அது. வேர் பிடிச்சு, வயசாகித்தான் காய்க்கும். அவசரப்படாதீங்க" என்பார். கேட்டவர் தலையாட்டிவிட்டுப் போவார். இவ்வளவு படித்தவர் சொல்லும்போது மறுபேச்சு ஏது?

அந்தக் கோடையில் மலையில் பெரிய தீ. அணைந்த சூட்டோடு வனத்துறை அதிகாரியம்மா ஜீப்பில் பண்ணைக்கு வந்தார். சாம்பல் வாடை அவர் உடுப்பிலேயே இருந்தது.

"சரிவு மொத்தமும் மொட்டையாயிடுச்சு ஐயா. மழைக்கு முன்னாடி கல்லணைச்சியை ஏத்தணும். இல்லன்னா மண்ணு கீழ இருக்கிற வீடுகள் மேலதான் வரும்."

"எவ்வளவு நாத்து வேணும்மா? பதியம் தயாரா இருக்கு."

"நாத்து வேணாங்க. ஆளே ஏற முடியாத இடம். மேல இருந்து தூவணும். விதை வேணும்."

"விதை," என்றார் இவர்.

"ஊரெல்லாம் உங்க செடி நிக்குது. ஒரு மூட்டை சேராதா?"

"பாத்துச் சொல்றேன்மா," என்றார். ஜீப் போனது. அவர் சொன்னபடியே பார்க்கத்தான் போனார்.

பண்ணை வேலியோரம் நின்றவைதான் எல்லாவற்றிலும் மூத்த புதர்கள். ஆள் உயரம் தாண்டி, அடித்தண்டு கை மொத்தத்துக்குப் பருத்து, பூத்துக் குலுங்கின. உதிர்ந்த பூ தரையை மூடிக் கிடந்தது. பூ உதிர்ந்த காம்பெல்லாம் மொட்டையாக நின்றது. இன்னும் என்ன வயசாக வேண்டும் இதற்கு? ஒரு பூவைக் கிள்ளிக் கண்ணாடியை வைத்தார். மகரந்தத் தாள் கற்றையாக நின்றது, நுனியில் மஞ்சள் பொடி. பூவின் நடுவில், காயாக வளரும் சூலகம் இருக்க வேண்டிய இடத்தில், ஒன்றும் இல்லை. துடைத்து வைத்ததுபோல் காலியாக இருந்தது. அடுத்த புதருக்குப் போனார். அதற்கடுத்ததற்குப் போனார்.

மண்ணை அள்ளிப் பைகளில் நிரப்பிக்கொண்டிருந்த பைக்காரம்மா தலை நிமிர்ந்து பார்த்தாள். பண்ணை தொடங்கிய காலத்திலிருந்து பை நிரப்புகிறவள். வாய் சும்மா இருக்காது.

"என்னய்யா, மூக்குத்தியைத் தொலைச்சவ மாதிரி செடி செடியா மூக்கை நுழைக்கிறீங்க?"

அவர் பூவைக் கையில் வைத்துக்கொண்டு வேலிக்கல்லின் மேல் உட்கார்ந்துவிட்டார்.

பப்பாளியில் ஆண் மரம், பெண் மரம் உண்டு என்பது பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். ஆண் மரம் பூக்கும், காய்க்காது. கல்லணைச்சியும் அந்த ஜாதிதான். இவர் ஊர் முழுக்க நட்டு வைத்தது அத்தனையும் ஆண். பெண் செடி எங்கே போயிற்று என்று அவர் யோசிக்கக்கூட வேண்டியிருக்கவில்லை. நெஞ்சு அந்த நாளுக்கு நேராகப் போய் நின்றது.

துண்டில் வந்த விதையை நிதானம் முளைக்க வைத்து, அது செடியாகி முதன்முதல் பூத்த நாள். பாதிச் செடிகளில் வெள்ளைக் கொத்து, வாசம். மீதிச் செடிகளில் இலைக்கடியில் ஒளிந்துகொண்டு பச்சையாக, அரிசிக் குருணை அளவில் என்னவோ ஒன்று. பார்க்கச் சகிக்காத பூ. மறுநாள் பெரிய மனிதர்கள் வந்து பார்ப்பதாக ஏற்பாடு. இவருக்கு மண்டைக்குள் சுர்ரென்று ஏறியது. வேலை செய்தவர்கள் எல்லாரையும் வைத்துக்கொண்டு நிதானத்தைக் கூப்பிட்டார்.

"என்னடா இது? எந்த வேலிச்செடி விதையைக் கொண்டாந்து கலந்த?"

"ஒரே துண்டுல இருந்த விதைதான் மாமா போட்டேன்."

"பொய் வேறயா? கண்ணு முன்னாடி ரெண்டு விதமா நிக்குது. உலகத்துல எங்கயும் இல்லாத விதை, உன்னை நம்பிக் குடுத்தேன் பாரு, என் புத்தியைச் செருப்பால அடிக்கணும். என் மானத்தை வாங்கன்னே வந்து சேர்ந்தியா?"

நிதானம் செடிகளைப் பார்த்தான். தன் கையைப் பார்த்தான். அக்காவைப் பார்த்தான். அவள் சல்லடையைப் பிடித்தபடி நின்றாள், ஒரு வார்த்தை பேசவில்லை. கடைசியில், "அப்படின்னா கலந்திருக்கும் போல மாமா," என்றான். மாமா சொன்னால் தப்பாக இருக்காது என்று நம்புகிறவன் வேறு என்ன சொல்வான்? இவர் தகரத்துண்டுகளை வெட்டி, 'கழிவு' என்று ஆணியால் கீறி, அந்தச் செடிகள் ஒவ்வொன்றிலும் கம்பியால் கட்டினார். அன்றைக்கே அவனைப் போகச் சொல்லிவிட்டார். இனி அவன் பேரை இந்த வீட்டில் யாரும் எடுக்கக் கூடாது என்றும் சொன்னார்.

அன்றைக்கும் கண்ணாடி இதே சட்டைப் பையில்தான் கிடந்தது. எடுத்து அந்தக் குருணைப் பூவில் ஒருமுறை வைத்திருந்தால், மூச்சு விடுகிற நேரத்தில் தெரிந்திருக்கும். ஊருக்கெல்லாம் நீட்டிய கண்ணாடியை அன்றைக்கு அவர் தனக்கு எடுத்துக்கொள்ளவில்லை. இப்போது வேலிக்கல்லில் உட்கார்ந்திருந்தவருக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

மதியம் சாப்பாட்டில் கை வைத்தவர் பிசைந்துகொண்டே இருந்தார். மனைவி எதிரே உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"அந்தக் கழிவுச் செடியெல்லாம் அன்னைக்கு என்ன ஆச்சு?" என்றார், தட்டைப் பார்த்தபடி.

"எந்தக் கழிவு?"

"கல்லணைச்சியில கழிச்சது."

அவள் கை நின்றது. "தம்பி கொண்டு போனான். உசுரோட இருக்கறதைக் குப்பையில போட மனசு வரல, வண்டியில வச்சுத் தள்ளிட்டுப் போனான்." அந்த வீட்டுக்குள் தம்பி என்ற சொல் கேட்டுப் பல வருஷம் ஆகியிருந்தது. சொன்னவளுக்கே அது புதிதாகத்தான் இருந்திருக்கும்.

"இருக்குதா அதெல்லாம்?"

"ஓ, நல்லா இருக்கு. சைக்கிள் கடைக்குப் பின்னால சுவரோரமா நிக்குது. வருஷா வருஷம் காய்ச்சுத் தொங்குது."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"போறேனே."

"எப்போ?"

"மாசா மாசம் பல் டாக்டர்கிட்ட போறேன்ல, அப்போ." அவள் கீரைக் காம்பை ஒடித்தாள். "இத்தனை வருஷமா பல்லு புடுங்கறாங்களே, எனக்கு எத்தனை பல்லுன்னு நெனச்சீங்க?"

வேறு நாளாக இருந்திருந்தால் அவருக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்திருக்கும். அன்றைக்கு வரவில்லை.

"காலையில ரொட்டியில தடவித் தின்னுறீங்களே பழப்பாகு, அதுவும் அதுதான். அவன் பெண்டாட்டி காய்ச்சிக் குடுத்து விடறா."

"சந்தையில வாங்கினேன்னு சொன்ன?"

"அவன் பேரை எடுக்காதேன்னு சொன்னது யாரு?"

ஊருக்கெல்லாம் இன்னும் காய்க்கவில்லை என்று சொல்லிக்கொண்டு, தினமும் காலையில் அதன் காயைத்தான் நக்கித் தின்றிருக்கிறார். தட்டை நகர்த்தி வைத்தார்.

"அது கழிவு இல்ல," என்றார். "அதுதான் பொண்ணு. நான் வச்சுக்கிட்டது எல்லாம் ஆணு. ஒரே விதைதான். ஒரே காய்ல இருந்து வந்தது."

அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தார். அவள் கீரைத் தட்டைக் கீழே வைத்தாள்.

"போய் அவன்கிட்ட சொல்லுங்க," என்றாள்.

வெயில் இறங்கும் முன்பே போனார். சைக்கிள் கடை கடைத்தெருவின் கடைசியில் இருந்தது. முன்னால் பழைய டயர்கள் கம்பத்தில் தொங்கின. நிதானம் ஒரு டியூபில் காற்றடித்துத் தண்ணீர்த் தொட்டியில் முக்கிக்கொண்டிருந்தான். தலை நரைத்துவிட்டது, ஆள் இளைத்திருந்தான். குமிழி வந்த இடத்தை விரலால் அழுத்திப் பிடித்து, குச்சியால் குறித்து, ஒட்டுப் போட்டு, மறுபடி முக்கினான். குமிழி வரவில்லை. வெளியே எடுத்துத் துடைத்துவிட்டு, இன்னொரு தடவை முக்கினான்.

"ரெண்டாந்தரம் என்ன குளிப்பாட்டறியா?" என்றார் சைக்கிளோடு காத்திருந்த பால்காரர். "ஊர்ல பால் திரிஞ்சிடும்யா."

நிதானம் சிரித்தான். நிமிர்ந்தபோது தெருவில் நின்றவரைப் பார்த்தான். சட்டென்று எழுந்து கையைத் துணியில் துடைத்தான்.

"வாங்க மாமா," என்றான், நேற்றுத்தான் பார்த்துப் பிரிந்தவன்போல.

முக்காலியைத் துடைத்துப் போட்டான். பால்காரரை அனுப்பிவிட்டுப் பக்கத்தில் தேநீர் சொன்னான். தேநீர் வந்தது, குடித்தார். வழியெல்லாம் கோத்துக்கொண்டு வந்த வார்த்தை எதுவும் வாயில் இல்லை. "செடியைப் பார்க்கலாமா?" என்று மட்டும் கேட்டார்.

கடைக்குப் பின்னால் சுவரைத் தாண்டி வளர்ந்து நின்றன. கரு ஊதாக் காய் கிளை வளையத் தொங்கியது. தெருப்பக்கத்துக் கல்லணைச்சியில் இருந்து பூச்சிகள் பொடி சுமந்து வந்து வேலையைச் செய்திருக்கின்றன. சாக்கடைக் கரையில்கூடக் குட்டிச் செடிகள் முளைத்துக் கிடந்தன. ஒவ்வொரு அடித்தண்டிலும் இவர் கட்டிய தகரம் இருந்தது. பட்டை வளர்ந்து கம்பியை விழுங்கித் தகரத்தையும் பாதி மூடியிருந்தது. ஒன்றில் 'வு' மட்டும் வெளியே தெரிந்தது. கீறியது அவருடைய கை என்று பார்த்தவுடனே தெரியும் எழுத்து.

"மாமா," என்றான் நிதானம் பின்னாலிருந்து. "நீங்க வருவீங்கன்னு நினைக்கல. வந்துட்டீங்க, சொல்லிடறேன். நான் பண்ணது பெரிய தப்பு."

இவர் திரும்பினார்.

"உங்க காலில விழுந்தாவது சொல்லியிருக்கணும். மூஞ்சியைக் காட்ட வெக்கமா இருந்துச்சு, அதான் வரல. எப்படிக் கலந்தேன்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குப் புரியல மாமா. சல்லடைக் கண்ணுல பழைய விதை ஏதாவது ஒட்டிக்கிட்டு இருந்துச்சோ, விதைத் தட்டைச் சரியா கழுவலையோ. யோசிக்காத நாள் இல்ல. நல்லாத்தான் செய்யறோம்னு நினைச்சுட்டிருந்தேன். அதுக்கப்புறம் என் கையை நான் நம்பறதே இல்ல. பாத்தீங்கல்ல, ஒரு ஒட்டு போட்டாக்கூட ரெண்டு தரம் முக்கிப் பாத்தாத்தான் மனசு ஆறுது. ஆளுங்க கேலி பண்றாங்க, பண்ணட்டும். உலகத்துல இல்லாத விதையைக் கெடுத்தவன் நான். மன்னிச்சிடுங்க மாமா."

இதைவிட நல்ல இடம் வேறு கிடைக்காது. "நீ இல்லடா, நான்" என்று மூன்று சொல் போதும். நாற்றுப்பண்ணைக்காரர் வாயைத் திறந்தார். என்ன வந்தது தெரியுமா?

"சரி விடு மாப்ள. பழைய கதை," என்றார்.

மன்னிப்புக் கேட்கப் போன மனுஷன் மன்னிப்பு வழங்கிவிட்டார். நிதானத்துக்குக் கண் கலங்கிவிட்டது. காய் வேண்டுமென்று இவர் கேட்டதும் ஓடிப் போய் ஒரு பையை எடுத்துவந்து, ஏணி போட்டு ஏறி நிறையப் பறித்துக் கொடுத்தான். "இந்தக் கழிவு எதுக்கு மாமா?" என்று ஏணியிலிருந்தே கேட்டான். "ஒரு சோதனைக்கு," என்றார். அதுவும் பொய்தான். வெயில் சாய்கிற நேரம், பையோடு நடந்தார். எதிரே வந்தவர்கள் வணக்கம் சொன்னார்கள். ஒவ்வொரு வணக்கத்துக்கும் அவருக்கு உடம்பு கூசியது.

மனைவி பண்ணைக் குழாயடியில் நாற்றுகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தாள். பையைப் பார்த்தாள்.

"சொன்னீங்களா?"

அவர் கை கழுவினார். கழுவிக்கொண்டே இருந்தார்.

"அவனே மன்னிப்புக் கேட்டுட்டான்," என்றார்.

"எதுக்கு?"

"கலந்துட்டேன்னு. இத்தனை வருஷமா அப்படித்தான் நினைச்சுட்டிருக்கான்."

"அது எனக்குத் தெரியும். என்கிட்ட சொல்லிச் சொல்லி அழுதிருக்கான். கலந்ததுதான்னு நானும் நம்பினேன். நீங்க என்ன சொன்னீங்க?"

அவர் நகக்கண்ணைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினார்.

"மன்னிச்சுட்டீங்களா?" என்றாள்.

அவர் தலையாட்டினார். அவள் சிரித்தாள். அழுதிருந்தால் தாங்கியிருப்பார், அந்தச் சிரிப்பைத் தாங்க முடியவில்லை. கூனிக் குறுகிப்போய்க் குழாய் மேடையிலேயே உட்கார்ந்தார்.

"வாய் வரல," என்றார். "அவன் கையெடுத்துக் கும்பிட்டுட்டு நிக்கிறான். எனக்கு... அது வசதியா இருந்துச்சு. போதுமா?"

அவள் குழாயை மூடினாள். ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள்.

"அன்னைக்கு நானும் சல்லடையைப் பிடிச்சுட்டுக் கல்லு மாதிரி நின்னவதான்," என்றாள். "கூடப் பிறந்தவனுக்காக ஒரு வார்த்தை பேசல. அதுக்கப்புறம் பல்வலின்னு சொல்லிட்டு ஒளிஞ்சு ஒளிஞ்சு போனேன். உங்களை மட்டும் சொல்லி என்ன? காலையில நானும் வரேன். அந்தப் பைக்காரம்மாவும் வரட்டும்."

"அவங்க எதுக்கு?"

"நீங்க திட்டினப்போ நின்னவங்க அத்தனை பேர்ல அவங்க ஒருத்தர்தான் இப்போ இங்க இருக்காங்க."

காலையில் மூன்று பேரும் பண்ணையின் சுமை வண்டியில் போனார்கள். முன்னால் இரண்டு பேருக்குத்தான் இடம். பைக்காரம்மா மண் மூட்டைக்கு நடுவே பின்னால் உட்கார்ந்துகொண்டு, "இந்த வயசுல என்னை மூட்டையோட மூட்டையா ஏத்திட்டாங்களே" என்று வழி நெடுகப் புலம்பினாள். எதற்குப் போகிறோம் என்று அவளிடம் யாரும் சொல்லவில்லை. நாற்றுப்பண்ணைக்காரர் வண்டியை ஓட்டினார், மனைவி மடியில் பண்ணையிலிருந்து ஒடித்த ஒரு பூங்கொத்தும் காலடியில் நேற்றைய காய்ப்பையும் இருந்தன. வானம் மூடியிருந்தது, காற்றில் ஈரம். மழை எந்த நாளும் வந்துவிடும்போல இருந்தது.

நிதானம் அப்போதுதான் கடையைத் திறந்து தொட்டியில் தண்ணீர் நிரப்பிக்கொண்டிருந்தான். பால்காரர் இன்றைக்குப் பின்சக்கரம் காற்றிறங்கிய சைக்கிளோடு காத்திருந்தார். அக்காவும் மாமாவும் சேர்ந்து வந்து இறங்குவதைப் பார்த்து அவன் தண்ணீர் வாளியோடு அப்படியே நின்றுவிட்டான்.

நாற்றுப்பண்ணைக்காரர் நேரே பின்சுவருக்குப் போய், கிளை நுனியில் தாமதமாகப் பூத்திருந்த ஒரு குருணைப் பூவைக் கிள்ளிக்கொண்டு வந்தார். கொத்திலிருந்து ஒரு வெள்ளைப் பூவையும் எடுத்தார். இரண்டையும் நிதானத்தின் உள்ளங்கையில் வைத்தார். சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்து நீட்டினார். வழக்கமான வார்த்தை வாய் வரை வந்து நின்றுவிட்டது.

"பாரு மாப்ள," என்றார்.

நிதானம் கண்ணாடியை வாங்கித் திருப்பிப் பார்த்தான், அவன் வழக்கம். அப்புறம் குனிந்து வெள்ளைப் பூவைப் பார்த்தான். "பொடி இருக்கு," என்றான். குருணைப் பூவைப் பார்த்தான். ரொம்ப நேரம் பார்த்தான். "இதுல பொடி இல்ல. நடுவுல பச்சையா, சின்னதா ஒரு குடம் மாதிரி இருக்கு."

"அந்தக் குடம்தான் காயாகும். அது பொண்ணு. இது ஆணு. பப்பாளி மாதிரி. ரெண்டும் ஒரே விதைதான்." தொண்டையைச் செருமிக்கொண்டார். "நீ கலக்கல மாப்ள. நீ போட்டது சரி. நான்தான் பாக்காம பேசிட்டேன். பாக்காம பேசி, அத்தனை பேரு முன்னாடி உன்னைத் திட்டித் துரத்தினேன். நேத்து இதைச் சொல்லத்தான் வந்தேன். நீ மன்னிப்புக் கேட்டதும் அதையும் வாங்கிட்டுத் திருடன் மாதிரி போயிட்டேன். என்னைத்தான் நீ மன்னிக்கணும். மன்னிக்கலன்னாலும் சரிதான்."

பைக்காரம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். அவள் பேசாமல் இருந்து யாரும் பார்த்ததில்லை. அக்கா தம்பியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நிதானம் மறுபடி குனிந்து இரண்டு பூவையும் இன்னொரு தடவை பார்த்தான்.

"நான் கலக்கலையா?" என்றான்.

"கலக்கல."

"சல்லடைக் கண்ணுல எதுவும் ஒட்டியிருக்கலையா?"

"இல்லடா."

"இங்க வா," என்று உள்பக்கம் பார்த்துக் கூப்பிட்டான். அடுப்படியிலிருந்து அவன் மனைவி கரண்டியோடு வந்தாள். "மாமா, இன்னொரு தடவை சொல்லுங்க. இவ கேக்கட்டும்."

நாற்றுப்பண்ணைக்காரர் மறுபடி சொன்னார். ஆண் பூ, பெண் பூ, ஒரே விதை, இவன் கலக்கவில்லை, நான்தான் பார்க்காமல் பேசினேன். அவள் கேட்டுவிட்டுக் கரண்டியைப் பிடித்தபடி சுவரில் சாய்ந்து நின்றாள். இத்தனை வருஷம் யாருடைய வெட்கத்தோடு குடித்தனம் நடத்தினோம் என்று அவள் கணக்குப் போட்டிருக்க வேண்டும்.

"இவருக்கும் சொல்லுங்க மாமா," என்று பால்காரரைக் காட்டினான் நிதானம். கோபமாகச் சொல்லவில்லை. தாகம் எடுத்தவன் இன்னும் ஒரு வாய் தண்ணீர் கேட்பதுபோலத்தான் கேட்டான். பால்காரருக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. அவருக்கும் முதலிலிருந்து சொன்னார். எதிர்க்கடைத் தையல்காரர் என்ன கூட்டம் என்று எட்டிப் பார்த்தார். அவருக்கும் சொன்னார். ஒவ்வொரு தடவையும் அதே வாக்கியம் கொஞ்சம் கூடுதலாகக் கனத்தது. சால்வை போட்ட மேடையில் அவர் இவ்வளவு நேரம் பேசியதில்லை.

"அன்னைக்கு நின்னவங்களுக்கும் சொல்லணும்," என்றார் கடைசியில் அவரே.

"எங்கய்யா போய்ச் சொல்வீங்க?" என்றாள் பைக்காரம்மா. "பாதிப் பேரு போய்ச் சேந்துட்டாங்க. மீதிப் பேரு எந்த ஊர்ல இருக்காங்களோ. கேட்டுக்க நான் ஒருத்திதான் மிச்சம்."

"அவங்க எல்லாம் நான்தான்னு நினைச்சுக்கிட்டே போயிட்டாங்க, இல்ல?" என்றான் நிதானம்.

அக்கா அவன் தோளில் கை வைத்தாள். அவன் அந்தக் கையைத் தட்டிக் கொடுத்துவிட்டு, பூக்களை ஒரு கிண்ணத்தில் பத்திரமாக வைத்தான். கண்ணாடியைத் துடைத்து மாமாவிடம் நீட்டினான். அவர் வாங்கவில்லை.

"நீ வச்சுக்கோ," என்றார். "எரிஞ்ச மலைச்சரிவுல தூவ இந்த விதை கேட்டு வனத்துறை அதிகாரியம்மா வருவாங்க. விதை உன்னோடது, நீதான் குடுக்கணும். என்ன நடந்துச்சுன்னு அவங்களுக்கும் நான் சொல்லிடறேன்."

நிதானம் தலையாட்டினான். முகம் தெளிந்திருந்தது. பால்காரருக்கு நேரமாகிறது என்று நினைவு வந்து, தரையில் உட்கார்ந்து டியூபை உருவினான். காற்றடித்தான், முக்கினான், குமிழியைப் பிடித்தான், ஒட்டுப் போட்டான். மறுபடி முக்கினான். குமிழி வரவில்லை. ஒட்டு நன்றாகப் பிடித்திருந்தது. எல்லாரும் அந்தத் தண்ணீரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வெளியே எடுத்துத் துணியால் துடைத்தான்.

துடைத்துவிட்டு இன்னொரு தடவை முக்கினான்.

மாமா பார்ப்பதைப் பார்த்து அவனுக்குக் கூச்சமாகிவிட்டது. "பழகிப் போச்சு மாமா," என்றான்.

நாற்றுப்பண்ணைக்காரர் தொட்டியருகே குந்தி உட்கார்ந்தார். இரண்டாம் முறையும் தண்ணீரில் குமிழி எதுவும் வரவில்லை.